வான்கோழிக்கு அரை டிக்கெட்

மேட்டுப்பாளையத்தில் ஏற்றும்போதே
கண்டக்டர் சொன்னார்:
இதுக்கு அரை டிக்கெட் ஆகும் சார்.
சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.
பர்லியாறு தாண்டி
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
சாக்குக்குள்ளிருந்து அது
என்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தது.

பச்சைத்தேயிலைக்குக்
கிலோவுக்கு மூன்று ரூபாய் ஏறியிருந்த மாதம்.
ஏறியது தலைக்கும் ஏறிவிட்டது.
பணம் என்னவோ ஹெப்சிபாவுடையது.
புதுக் கண்ணாடிக்கென்று
கல்யாண ஆல்பத்தில், என் படத்துக்குப் பின்னால்
நாலாய் மடித்து வைத்திருந்தாள்.

எங்கள் வீட்டில் அவன் கிடையாது,
அவள்தான் உண்டு,
அவளும் பேசுவதாயில்லை.
பெட்போர்டு முக்கில் மொய்தீன் காக்கா
பிளம் கேக்கெல்லாம் எடுத்து முடித்த அடுப்பில்
வைத்துத் தந்தார்.
இருநூறு ரூபாய்.
ஒரு கால் கருகினால் கேட்கக்கூடாது.
இரண்டு கால் கருகின.

கிறிஸ்துமஸ் மத்தியானம்
நெஞ்சுக்கறி தேங்காய் நாராய்ப் பிரிந்தது.
மச்சான் ஜெபசிங் மென்றார்.
மென்றார்.
தண்ணீர் குடித்தார்.
ஒரு நாட்டுக்கோழி அடிச்சிருக்கலாம் என்று
எதிர்வீட்டு லிங்கம்மாவுக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்.
பிள்ளைகள் ஆளுக்கொரு கேக்கோடு ஓடிப்போனார்கள்.
ஹெப்சிபா ஒன்றும் சொல்லவில்லை.
காதோரம் நூல் சுற்றிய பழைய கண்ணாடியைக்
கழற்றித் துடைத்து மாட்டினாள்.
மறுபடி கழற்றித் துடைத்தாள்.
அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இருபத்தாறாம் தேதி காலை
சரிவுத் தேயிலையின் கொழுந்தெல்லாம்
உறைபனியில் கறுத்துக் கிடந்தது.
இந்தக் குளிருக்குப் பிரிட்ஜ் எதற்கு?
ஜன்னல் விளிம்பில் எலும்புக்கூடு,
அதன்மேல் கவிழ்த்த சட்டி,
சட்டிமேல் அம்மிக்குழவி.
பூனைக்குப் பாதி பயம், கரடிக்கு மீதி.

அவள் குழவியை எடுத்தாள்.
மூட்டு மூட்டாக நசுக்கினாள்.
ஒவ்வொரு மூட்டுக்கும் என் பெயர் இருந்தது.
மலைப்பூண்டு ஒரு முழுத்தலை,
உரலில் இடித்த மிளகு சீரகம்,
விரல் நீள இஞ்சி,
பின்கட்டில் பிடுங்கிய கேரட், தழையோடு.
கருகிய கால் இரண்டும் உள்ளே போயின.
கருகலைப் போடாதே என்றேன்.
மூன்று நாளில் அவளிடம் நான் பேசியது அவ்வளவுதான்.
கருகல்லதான் ருசி.
அவள் பேசியதும் அவ்வளவுதான்.

ஈர விறகு. கற்பூரமரம்
எண்ணெய் கக்கிச் சீறியது.
முதல் ஒரு மணி நேரம் வெறும் சுடுதண்ணீர்.
அப்புறம் எலும்பு
ஒவ்வொன்றாக ஒத்துக்கொள்ள ஆரம்பித்தது.
பானையின் மேல் பொன்நிறக் காசுகளாய்க் கொழுப்பு.
நேற்றைய சப்பைக் கறியை
இவ்வளவு நேரம் எங்கே ஒளித்திருந்தது இது?

பதினோரு மணிக்கு ஜெபசிங் வந்தார்,
மப்ளரை மறந்துவிட்டாராம்.
மப்ளர் கண்ணெதிரே ஆணியில் தொங்கியது.
அவர் அடுப்பைப் பார்த்தார்.
ரசமா?
சூப்பு.
சீரகம் மணக்குதே.
அப்ப ரசம்னே வச்சுக்க அண்ணா, டம்ளர எடு.

முதல் டம்ளரைத் துண்டால் பிடித்துக் குடித்தார்.
இரண்டாவதற்குத் துண்டு தேவைப்படவில்லை.
நாட்டுக்கோழியைப் பற்றி மூச்சு விடவில்லை.
மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு
வாசல்வரை போய்
மூன்றாவதுக்குத் திரும்பி வந்தார்.

ஹெப்சிபா குனிந்து ஊதினாள்.
கண்ணாடி இரண்டிலும் ஆவி.
துடைக்கவில்லை.
அந்த வெள்ளைக்குள்ளிருந்து
என்னைப் பார்த்து,
அல்லது நான் உட்கார்ந்திருந்த பக்கமாகப் பார்த்து,
இனிமே பணத்த
அண்ணன் படத்துக்குப் பின்னால வைக்கிறேன்,
அந்தப் பக்கத்த நீங்க திருப்பவே மாட்டீங்க என்றாள்.
ஜெபசிங்குக்குப் புரை ஏறியது.

நான் டம்ளரை நீட்டினேன்.
பார்க்காமலே ஊற்றினாள்.
கொஞ்சம் என் கைமேல் சிந்தியது.
தெரியாமல்தான் இருக்கும்.